அஞ்சலினாவின் ஹேவர்சைன்

என் தங்கை அஞ்சலினா ஓர்ஸ் ஹில் பள்ளிக்கூடத்தில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனம்தான் புருஷனைக் கெடுத்தது என்று அக்கா நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவளுடைய புருஷன் றிக்சன் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் கயிறு எறிபவர். வெளிநாட்டுக் கப்பலில் அதிகாரியாகப் போகவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கான பரீட்சைக்குக் கம்பனி ஒரே ஒரு தடவைதான் அனுப்பும். பிறகு வயது போய்விடும்.

அந்த நேரம் பார்த்தா ஜமால்தீனின் பழைய சாமான் கடையில் மாலுமிகளின் அட்டவணைப் புத்தகம் அவள் கண்ணில் படவேண்டும்? அதில் ஹேவர்சைன் என்றொரு சார்பு. ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்துப் பாதியாக்கினால் வருவது. கடலில் இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கையால் கணக்குப் பார்த்த காலத்தில் அது பெரிய உதவிதான். கிட்டக் கிட்ட உள்ள இடங்களுக்குக் கோசைன் அட்டவணையில் எல்லாமே 0.9999 என்று நிற்கும், தூரம் பிடிபடாது. ஹேவர்சைனில் பிடிபடும். அது பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை என்பதால் தயங்காமல் மடக்கை எடுத்துப் பெருக்கலைக் கூட்டலாக்கலாம். கல்குலேட்டர் வந்தபின் அந்தக் கஷ்டங்கள் இல்லை. ஹேவர்சைனைத் தேடுவாரும் இல்லை.

இவள் தேடிக்கொண்டாள். குசினி மேசையில் றிக்சனை இருத்தி அதையே பழக்கினாள்.

"கல்குலேட்டரில தட்டினா உடன வருதே," என்றார் அவர்.

"வெறும் விடைக்குப் புள்ளி தரமாட்டினம். படிப்படியாச் செய்து காட்டுங்கோ," என்றாள். உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

பரீட்சையில் ஆறு கணக்கு. அட்டவணைக்கும் அனுமதி, கல்குலேட்டருக்கும் அனுமதி; விடை சரியென்றால் போதும். றிக்சன் அட்டவணையைப் புரட்டி, மடக்கை எடுத்து, கூட்டி, திரும்பப் புரட்டி, இரண்டை முடிக்க நேரம் சரியாகிவிட்டது. நேரத்தை மிச்சம் பிடிக்க உண்டான சாமான் அவருடைய நேரத்தைத் தின்றுவிட்டது.

அவர் தேறவில்லை என்று முடிவு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அஞ்சலினா வினாத்தாளை விரித்து, அவர் சொன்ன விடைகளைத் திரும்பச் செய்து பார்த்தாள்.

"நீங்கள் செய்த ரெண்டும் சரி," என்றாள்.

எனக்கு அவளை அறையவேண்டும் போல் இருந்தது. றிக்சன் வேலைச் சட்டையைப் போட்டார்.

"நேரம் போகுது எண்டு தெரிஞ்ச உடன கல்குலேட்டரை எடுத்திருக்கலாம்தானே?" என்று அஞ்சலினா கேட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் சொன்னார்:

"நீர் எனக்குப் பிழையாச் சொல்லித் தரமாட்டீர் எண்டு நினைச்சனான்."