எட்டில் ஐந்து பின்கள்

எங்கள் விமானப்படை யூனிட்டுக்கு வரலாறு எழுதுகிறார்கள் என்ற செய்தி எனக்குப் போனில்தான் வந்தது. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் மிளகுக் காட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான். பலாமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். அங்கே நின்று படித்தேன். அனுப்பியவர் எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வடக்கத்திக்காரர். புத்தகத்தைத் தொகுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள்.

"உன் ஊர்ப் பக்கத்து ஆளின் படம் ஒன்று வேண்டும். சீருடையில் இருந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது" என்று ஹிந்தியில் எழுதியிருந்தார். அந்தப் படம் வரப்போகும் பக்கத்தையும் அனுப்பியிருந்தார். வேடிக்கையான சம்பவங்களுக்கென்று ஒதுக்கிய பக்கம். தலைப்பு 'பாஞ்ச் பாய்'. பாஞ்ச் என்றால் ஐந்து. அது மலையடிவாரத்துக் காரவள்ளியில் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு யூனிட்டில் வைத்த பட்டப்பெயர்.

இரண்டு முறை படித்தேன். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மிளகுக் கொடிகளைக் கட்ட ஆரம்பித்தேன். அன்று மாலை வரை கட்டினேன்.

எங்கள் யூனிட் இரண்டு வேலை செய்தது. ஒன்று சுமப்பது. அரிசி, கூடாரம், ஜெனரேட்டர், பனிமலைக்குப் போகும் சிப்பாய்கள், அங்கிருந்து பெட்டியில் திரும்புகிறவர்கள் என்று எதையும் ஏற்றுவோம். இன்னொன்று ஆகாயத்தில் எரிபொருள் கொடுப்பது. பெரிய விமானம் பறந்தபடியே நீளமான குழாயை வெளியே விடும். குழாயின் நுனியில் கூடை மாதிரி ஒன்று இருக்கும். சண்டை விமானம் பின்னால் வந்து தன் மூக்குக் கம்பியை அந்தக் கூடைக்குள் செருகி எரிபொருள் வாங்கிக்கொள்ளும். ஒரே விமானம் இந்த வாரம் சுமக்கும், அடுத்த வாரம் குழாய் விடும். நானும் நண்பரும் தரையில் வேலை பார்த்தோம். பத்தாவது முடித்துச் சேர்ந்தவர்கள். அவர் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர்.

விமானம் தரையில் நிற்கும்போது அதன் சில பாகங்கள் தவறுதலாக அசைந்துவிடாமல் இருக்கப் பின் குத்தி வைப்பார்கள். ஒவ்வொரு பின்னிலும் சிவப்பு நாடா தொங்கும். கிளம்பும் முன் தரைக்காரன் எல்லாவற்றையும் உருவி, விமானத்தின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையிலும் விரித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். மேலே கண்ணாடிக்குள் இருந்து விமானி எண்ணிக் கட்டைவிரலைக் காட்டுவார். சரக்கு வேலைக்கு ஐந்து பின். குழாய் வேலைக்கு எட்டு, ஏனென்றால் மூன்று குழாய்ப் பெட்டிகளுக்கும் ஒவ்வொன்று கூட வரும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கோ வெள்ளம் வந்தது. மூன்று வாரம் ராத்திரி பகலாக அரிசியும் கம்பளியும் ஏற்றினோம். தினமும் ஐந்து பின். ஒரு நாள் காலையில் குழாய் வேலை என்றார்கள். முந்தின நாள் சாயங்காலமே பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். நான் ஐந்து பின்னை உருவினேன். மூக்குக்கு முன்னால் நின்று தூக்கிக் காட்டினேன். மேலே இருந்தவரும் மூன்று வாரம் ஐந்தையே பார்த்தவர். கட்டைவிரலைக் காட்டினார். விமானம் போய்விட்டது.

மேலே போன பிறகு ஒரு குழாய்கூட வெளியே வரவில்லை. எரிபொருளுக்காகக் காத்திருந்த இரண்டு சண்டை விமானங்கள் திரும்பி, கிடைத்த தளத்தில் இறங்கின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் அது பின்னாளில் வேடிக்கைக் கதையானது.

அன்று மத்தியானம் எங்களை அதிகாரி அறையில் நிறுத்தினார்கள். மேசையில் அந்த விமானத்தின் படிவம் இருந்தது. "பின் காட்டியது யார்?" என்று அதிகாரி கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்லவே பக்கத்துப் பையன் என்னை இடிக்க வேண்டும். சுவரில் மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி படிவத்தைத் திருப்பி, "இது யார் கையெழுத்து?" என்றார். "என்னுது சார்" என்றார் நண்பர். அன்றைக்கு மூத்தவர் என்ற முறையில் அவர்தான் போட்டிருந்தார். கேள்வி அத்தோடு முடிந்தது. நண்பர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானத்தின் வால் பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, குழாயையும் வருகிற விமானத்தையும் கவனித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நண்பர் பெயர் வந்திருந்தது. பறக்க வேண்டும் என்றே படையில் சேர்ந்தவர் அவர். பெயரை அடித்துவிட்டார்கள். பட்டியலில் அடுத்து இருந்தது நான். போனேன். பதினோரு வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்தேன்.

அவர் தரையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். புதிதாக வருகிறவர்களுக்குப் பின் எண்ணக் கற்றுக்கொடுக்கும்போது பாஞ்ச் பாய் கதையைச் சொல்லுவார்கள். அவரும் நின்று கேட்டுச் சிரிப்பார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஊருக்கு வந்த பிறகும் மாதம் ஒரு தடவையாவது பார்ப்போம். அவர் ஹோஸ், பைப், மோட்டார் சாமான் விற்கிறார். மிளகும் வாங்குவார்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் மலையிறங்கினேன். கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பது என் பழக்கம். வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. என்ன சொல்வது என்று யோசிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. காரவள்ளி வந்துவிட்டது.

"ஏனப்பா மலைக்காரா, மூட்டை இல்லாம வெறுங்கையோட எறங்கியிருக்கே?" என்றார் நண்பர்.

"ஒரு போட்டோ வேணுமுங்க பாய். யூனிட்டுக்குப் புஸ்தகம் போடறாங்களாம். அதுல உங்க படம் வருதாமுங்க."

அவர் கையில் இருந்த ஹோஸை அப்படியே விட்டார். அது சுருள் பிரிந்து தரையில் ஓடியது. "கேட்டியா கண்ணு? உங்கத்தாவ வெறும் ஹோஸ் விக்கிறவன்னு நெனச்சுட்டிருந்தே" என்று மகளைக் கூப்பிட்டார். கடையை இப்போது அவருடைய மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். கல்லூரியில் படித்தவள். அவர் பர்ஸின் உள்மடிப்பிலிருந்து சீருடைப் படம் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டித் துடைத்தார். அத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"என்னங்க மாமா எழுதியிருக்காங்க? காட்டுங்க" என்று அவள் கையை நீட்டினாள். சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போனைக் கொடுத்துவிட்டேன்.

அவள் படித்துக்கொண்டே வந்து பாதியில் சிரித்துவிட்டாள். "அத்தா! எட்டுப் பின்னுக்கு அஞ்சு பின்னு காட்டி ஏரோப்ளேன அனுப்புனது நீங்களா? நான் ஒரு பைப் எல்போ கொறச்சு எண்ணுனா மட்டும் நாலு பேரு முன்னாடி வெய்யறீங்க!"

நண்பர் குனிந்து ஹோஸைச் சுருட்டத் தொடங்கினார். "ஆமாங் கண்ணு. ஒரு நாளு மறந்துபோச்சு."

என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி அறையில் அன்றைக்குப் பார்த்ததோடு சரி.

"காட்டுனது நானுங்க" என்றேன்.

"என்ன மாமா?"

"பின்னு காட்டுனது நாந்தாங் கண்ணு. அத்தா கையெழுத்து மட்டுந்தான் போட்டாரு."

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "உடப்பா, பழைய கதை" என்றார் அவர், இன்னும் குனிந்தபடியே.

"இல்லீங்க பாய்" என்றேன். கடை வாசலுக்குப் போய் வடக்கத்திக்காரருக்குப் போன் செய்தேன். ஹிந்தியில் பேசுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் சுலபம், வேறு யாரோ பேசுவது மாதிரி இருக்கும். கேட்டுவிட்டு, "இத்தனை வருடம் எல்லாரும் அவன் பெயரைத்தானே சொன்னோம், நிச்சயமாகவா?" என்றார். நிச்சயம் என்றேன். "சரி. தலைப்பையும் பெயரையும் மாற்றிவிடுகிறேன். உன் படத்தை அனுப்பு, இன்றைக்கே" என்றார். அவ்வளவுதான். பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

மகள்தான் படம் எடுத்தாள், ஹோஸ் சுருள்களுக்கு முன்னால் என்னை நிற்க வைத்து. "சிரிங்க மாமா."

"அவங் கல்யாணப் போட்டோவுலயே சிரிக்கல, இப்பவா சிரிக்கப்போறான்" என்றார் நண்பர். "கைய விரிச்சுக் காட்டச் சொல்லு. அஞ்சும் இருக்குதான்னு எண்ணிப் பாத்துக்கலாம்."

விரித்துக் காட்டினேன். அவள் எடுத்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது. மனசிலிருந்து பாரம் ஏதாவது இறங்கும் என்று நின்று பார்த்தேன். எதிரில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நண்பர் தன் படத்தை இன்னும் கையில் வைத்திருந்தார். "அப்ப அந்தப் புஸ்தகத்துல நான் வேற எங்கியும் இல்லியா?"

எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பக்கம் ஒன்றில்தான் இருந்தார். பஸ்ஸில் வரும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

"சரி போ" என்று அவர் படத்தைப் பர்ஸில் வைத்தார். அது உள்ளே போக நேரமானது. பிறகு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினார். "உக்காரு. அந்தக் கூண்டுல இருந்து பாத்தா எப்படிடா இருக்கும்?"

இத்தனை வருடத்தில் அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. உட்கார்ந்தேன்.

அப்போது ஒருவர் வந்து ஒரு இஞ்ச் ஹோஸ் முப்பது அடி கேட்டார். நண்பர் எழுந்து கைக்குக் கை இழுத்து அளந்தார், வெட்டினார், சுருட்டிக் கொடுத்தார். வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ம், சொல்லு."

"மொதல்ல ஒண்ணும் தெரியாதுங்க பாய்" என்றேன். "குழாய் போயிட்டே இருக்கும். கூடை சின்னதாகி ஒரு பொட்டாட்டம் ஆயிரும். அதுக்குப் பொறவு மேகத்துல இருந்து ஒருத்தன் வருவான். சத்தமே கேக்காது. நம்ம சத்தந்தான் கேக்கும். அவன் மொகம் தெரியற அளவுக்குக் கிட்ட வருவான்."

"மொகமா?"

"ஆமாங்க. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும். கூடையத்தான் பாப்பான். நம்மளப் பாக்கமாட்டான்."

"அப்பறம்?" என்றார்.