வட்டிலப்பக் கிண்ணம்

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், உலக உணவுகள் பற்றிய பள்ளிச் செயற்றிட்டத்துக்காக, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்தாள். "அம்மா, இது எந்த நாட்டுச் சாப்பாடெண்டு எழுதிறது?"

ஏலக்காய் மணத்தோடு பாத்திமா மாமி நினைவில் வந்து நின்றார். யாழ்ப்பாண நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வட்டிலப்பக் கிண்ணத்தை மதிலுக்கு மேலால் நீட்டுவார்.

"ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது" என்று என் அம்மா அதில் பழமோ சீனியோ வைத்துத்தான் அனுப்புவார்.

போர்க்காலத்தில் கடைகள் பூட்டிக் கிடந்த ஒருநாள் வைத்து அனுப்ப வீட்டில் எதுவும் இருக்கவில்லை. "நாளைக்குக் குடுப்பம்" என்றார் அம்மா. மறுநாள், ஆயுதங்களோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். மாமி திரும்பி வரவேயில்லை.

"எந்த நாடு அம்மா?"

"எங்கடை பக்கத்து வீட்டுச் சாப்பாடெண்டு எழுது, பிள்ளை."

அன்று என் அம்மா கழுவிக் கவிழ்த்த மாமியின் கிண்ணம் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.