மைதானத்தின் கிழக்குப் பக்கம்

எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி வாடைக்காற்று வீசும் மாதங்களில் வெல்லும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்ததும் தோற்கத் தொடங்கும். அதே பிள்ளைகள், அதே பயிற்றுவிப்பாளர், அதே மைதானம். வலயப் போட்டிகளில் பெரும்பாலானவை எங்கள் மைதானத்திலேயே நடப்பதால் வெளியூர்க் களத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. இந்த ஆண்டு வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. மேற்குப் பக்கத்து வீதியோரம் நின்று ஆட்டம் பார்க்கும் எங்களிடம் அதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. பரீட்சைக் காலம் என்றார் ஒருவர். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த களைப்பு என்றார் இன்னொருவர். திருவிழாவுக்கு முன்பும் தோற்றோமே என்று நான் சொன்னபோது, போகப்போகும் களைப்பு என்று திருத்திக்கொண்டார்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் மேற்கே, வீதியோரம். பெண்கள் கிழக்கே, வகுப்பறைக் கட்டடத்தை ஒட்டிய வேப்பமர நிழலில். அணியினரும் பயிற்றுவிப்பாளரும் அமரும் வாங்குப் பலகையும் அங்கேதான் போடப்படும். பந்துகளும் தண்ணீர்க் கலன்களும் வைக்கும் அறை பக்கத்தில் இருப்பதே அதற்குக் காரணம். இதை எவரும் விதித்ததில்லை. நானும் மனைவியும் ஒரே காரில் வந்து, வாயிலில் பிரிந்து, ஆட்டம் முடிந்ததும் அதே வாயிலில் சந்திப்போம். அவர் அக்கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். நான் அங்கு சில ஆண்டுகளும் பிறகு பல்கலைக்கழகத்திலும் பௌதிகம் கற்பித்தேன். ஓய்வுக்குப் பின் எங்கள் இருவருக்கும் பொதுவாக எஞ்சிய பாடம் உதைபந்தாட்டம். அதில் நாங்கள் ஒத்துப்போனது அரிது.

முக்கியமான கருத்து வேறுபாடு பயிற்றுவிப்பாளரைப் பற்றியது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு திரும்பி வந்த இளைஞர் அவர். அங்கே மாவட்ட மட்டத்தில் ஆடியவர். அவருடைய பேச்சில் அந்தக் கரையின் சாயல் போகவில்லை. வீதியோரத்தில் அதற்குக் கேலியும் குறையவில்லை. என் குறை அதுவல்ல. அவருடைய அணி பந்தை வானத்துக்கு அடிக்கிறது, காற்று அதைக் கொண்டுபோகிறது, பிறகு பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். இதற்கு ஒரு பயிற்றுவிப்பாளர் எதற்கு என்பதே என் கேள்வி. இரவுச் சாப்பாட்டின்போது மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சொல்வார்:

"அது அவர் சொல்லிக் குடுத்த விளையாட்டில்லை. இண்டைக்கும் உங்கட பக்கம்தான் விளையாடினது."

இதை நான் ஒரு பகிடியாகவே எடுத்துக்கொண்டேன். வரலாற்று ஆசிரியர்களுக்கு எதிலும் ஒரு மறைமுக சக்தி தென்படும் என்று பதிலுக்குச் சொல்லியிருப்பேன். இன்னொன்றும் என்னை வியக்கவைத்தது. வீதியோரத்தில் நான் உரத்துச் சொன்ன சில வசனங்களை அவர் அன்றிரவே சொல்மாறாமல் எனக்குத் திருப்பிச் சொல்வார். வீதியோரத்தில் என்னோடு நிற்கும் பழைய மாணவர் சங்கத் தலைவர் தன் மனைவியிடம் சொல்ல, அவர் தொலைபேசியில் செய்தி கொடுக்கிறார் என்று ஊகித்தேன். கேட்டால் சிரிப்பார், சொல்லமாட்டார்.

சென்ற வாடையின் கடைசியில் அவர் இறந்தார். நோய் நீடிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பின்னும் நான் சில மாதங்கள் மைதானத்துக்குப் போகவில்லை. போனபோது சோளகம் தொடங்கியிருந்தது. வீதியோரத்தில் பனங்காணியின் மணல் பறந்துகொண்டிருந்தது. அணி அடுத்தடுத்துத் தோற்றிருந்தது.

பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். ஆட்டம் முடியுமுன்பே அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"ஞாயிறு கூட்டம். ஆளை மாத்திறதெண்டு எல்லாரும் ஒரு மனமா இருக்கினம். நீ சங்கத்தின்ர போஷகர். நீ ஓம் எண்டால் முடிஞ்சுது."

"அவர் என்ன பிழை விட்டவர்?"

"கேக்கிறாய் பார். கண்ணுக்கு முன்னால நடக்குது. தூக்கி அடிக்கிறாங்கள், தோக்கிறாங்கள். இவர் அங்க நிண்டு கையை ஆட்டுறார்."

என் கருத்தும் அதுதான். ஆயினும் உடனே 'ஓம்' என்று சொல்ல எனக்கு வரவில்லை. மனைவி அந்த இளைஞருக்காக வாதாடியபோதெல்லாம் நான் எதிர்வாதம் செய்தேனே தவிர, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அவர் வரலாற்றில் ஆதாரமில்லாமல் எதையும் சொல்லாதவர். ஆகவே ஆதாரம் எங்கோ இருந்திருக்க வேண்டும். இன்னும் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கூட்டத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை, ஓர் ஆட்டம் இருந்தது.

அன்று நான் வாயிலில் மேற்கே திரும்பாமல் கிழக்கே நடந்தேன். வீதியோரத்துக் குரல்கள் மைதானத்தைக் கடந்து வந்தன.

"என்ன சேர், கட்சி மாறிட்டியளோ?"

"விடு மச்சான், அங்க நிழல் இருக்கு. அவருக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு."

வேப்பமரத்தடியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக் கதிரை தேடினார்கள். கோல் காப்பாளரின் தாய், கீரிக் கிராமத்தில் இருந்து வருபவர், கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையை நிழலில் வைத்தார்.

"இருங்கோ சேர். ஆனால் டீச்சர் இதில இருக்கிறேல்ல. வாங்குக்குப் பக்கத்தில போய் நிண்டிடுவா. வெயில் எண்டாலும் நகரமாட்டா."

நானும் போய் அங்கே நின்றேன். பின்னேர வெயில் நேரே முகத்தில் விழுந்தது. சோளகம் மைதானத்தின் மணலை வாரிக்கொண்டு வந்து கண்ணில் போட்டது. இத்தனை ஆண்டுகள் வெயிலையும் காற்றையும் முதுகில் வாங்கிக்கொண்டு சுகமாக நின்றவன் நான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டுதான் ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது.

ஆட்டம் தொடங்கியதும் என்னைத் திடுக்கிடவைத்தது என் நண்பர்களின் குரல். மைதானத்தின் முழு அகலத்துக்கும் அப்பாலிருந்து, கையெட்டும் தூரத்தில் நின்று சொல்வதுபோல வந்தது. தலைவர் யாரையோ கழுதை என்றார். எதிரே வீதியின் மின்கம்பத்தடியில் மெய்யாகவே இரண்டு கழுதைகள் நின்றிருந்ததால், எதைச் சொன்னார் என்பது விளங்கவில்லை. பின்பு எல்லோரும் சேர்ந்து, "தூக்கி அடியடா, தூக்கி அடி" என்றார்கள். வலது பின்வரிசைப் பிள்ளை தூக்கி அடித்தான். காற்று பந்தை வாங்கி எங்கள் தலைக்கு மேலால் கட்டடத்துக் கூரையில் போட்டது.

எனக்கு ஓரடி தள்ளி நின்ற பயிற்றுவிப்பாளர் அதற்கு முன்பே கத்தியிருந்தார்: "கீழ, கீழ குடு. பக்கத்துல ஆள் இருக்கான் பாரு." தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். மரத்தடிப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மைதானத்துக்குள் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை.

"தெரியுமே சேர்," என்றார் கோல் காப்பாளரின் தாய், "இவர் படிப்பிக்கிறது எல்லாம் எங்களுக்குத்தான் விளங்குது. எங்களை இறக்கினால் வெண்டிடலாம்."

பெண்கள் சிரித்தார்கள். பயிற்றுவிப்பாளர் சிரிக்கவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனபோது, நான் கேட்காமலே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சார், நாளைக்குக் கூட்டம்னு தெரியும். நானே போயிடலாம்னுதான் இருக்கேன். போன வருஷம் வந்த புதுசுல பசங்க நான் சொன்னா உடனே கேட்டாங்க. நாங்க முகாம்ல இருந்து வந்தவங்கன்னு வெளியில பேச ஆரம்பிச்சதும் மாறிட்டாங்க. மேட்ச்ல ஒருத்தன்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கறதில்ல."

"வந்த புதுசில எண்டால், எந்த மாதம்?"

"தை, மாசி, சார். இந்த வருஷமும் தை, மாசியில கொஞ்ச நாள் கேட்டாங்க, அப்புறம் திரும்பவும் மாறிட்டாங்க."

தை, மாசி. வாடை, அவருடைய முதுகுப் பக்கத்திலிருந்து, கிழக்கிலிருந்து மைதானத்துக்குள் வீசும் காலம். நான் அணித்தலைவனைக் கூப்பிட்டேன். பாப்பாமோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும், அளந்து பேசும் பிள்ளை.

"கோச் உங்களை நிலத்தில பாஸ் பண்ணச் சொன்னவர். ஏன் செய்யேல்ல?"

அவன் பயிற்றுவிப்பாளரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். "எப்ப சேர் சொன்னவர்? பயிற்சியில சொல்லுவார். மெட்ச் நேரம் ஒண்டும் சொல்றேல்லையே. சும்மா கையைத்தான் காட்டுவார்."

"அப்ப தூக்கி அடிக்கச் சொன்னது ஆர்?"

"ரோட்டுப் பக்கத்து ஐயாமார். கோச்தான் அவைக்குச் சொல்லிவிட்டு, அவை எங்களுக்குச் சொல்லினம் எண்டு நினைச்சம்."

ஒலி காற்றுக்கு எதிரே செல்லும்போது மேல்நோக்கி வளைந்து, கேட்பவனின் தலைக்கு மேலால் போய்விடும். காற்றோடு செல்லும்போது நிலத்தை நோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கும். இதை நான் எத்தனையோ வகுப்புகளுக்குப் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். இப்போது ஒவ்வொன்றாக இடத்தில் வந்து அமர்ந்தது. எங்கள் வலைப்பந்து அணி ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் ஆடுவதற்கும் காரணம் கிடைத்தது. அவர்களின் களம் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் இருக்கிறது, அங்கே காற்றும் இல்லை, நாங்களும் இல்லை. எதிரணிகளின் வாங்கும் இதே கிழக்குப் பக்கத்தில்தான் போடப்படுகிறது. ஆனால் மேற்கில் அவர்களுக்கு ஆலோசகர்கள் கிடையாது. எனவே அந்தப் பிள்ளைகள் பயிற்சியில் பழகியதை ஆடிவிட்டுப் போகிறார்கள்.

நான் இதைச் சொன்னபோது பயிற்றுவிப்பாளர் எதிரே வீதியோரத்தைப் பார்த்தார். பின்பு கேட்டார்:

"அப்போ, எங்க மேல கோவம் ஒண்ணும் இல்லையா சார்?"

"இல்லை. காத்து."

அன்றும் தோற்றோம்.

ஞாயிறு பூசை முடிந்து ஆசிரியர் அறையில் கூட்டம் கூடியது. நான் கரும்பலகையில் மைதானத்தையும் இரண்டு காற்றுகளையும் வரைந்து காட்டினேன். சிலர் ஆர்வத்தோடு கேட்டார்கள். சிலர் சாவு வீட்டுக்காரனுக்குக் காட்டும் பொறுமையோடு கேட்டார்கள். நான் முடித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப எங்களாலதான் தோக்கிறமெண்டு சொல்லுறாய்."

"சோளகத்தில மட்டும்," என்றேன்.

"நாங்கள் சத்தம் போடாமல் ஆட்டம் பார்க்கேலாது. அது நடக்கிற காரியமில்லை."

"வேண்டாம். வாங்கை மேற்குப் பக்கம் போடுவம். வாடை வந்ததும் திருப்பிக் கிழக்கே."

வாங்கு தங்கள் காலத்திலிருந்தே கிழக்கில்தான் இருக்கிறது என்றார் ஒருவர். மேற்கில் நிழலில்லை என்றார் இன்னொருவர். வீதியோரத்தில் சைக்கிள்களை எங்கே விடுவது என்பதில் மட்டும் பெரும்பொழுது போனது. கடைசியில் தலைவர் ஒரு முடிவு சொன்னார்: அடுத்த ஆட்டத்துக்கு வாங்கு மேற்கே. அதிலும் பழைய கதைதான் என்றால் ஆள் போகவேண்டியது, போஷகரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. நான் சம்மதித்தேன்.

அந்த ஆட்டத்தன்றும் நான் கிழக்கே போனேன். மேற்கில் நின்றால் என் நண்பர்களை அடக்குவதிலேயே பொழுது போய்விடும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். கோல் காப்பாளரின் தாய் இம்முறை கதிரை தரவில்லை. மனைவி நின்ற இடத்தில், வாங்கு இருந்த வெறும் மணலுக்குப் பக்கத்தில், நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன் கதிரையில் அமர்ந்துகொண்டார்.

எதிரே வீதியோரத்தில் பயிற்றுவிப்பாளரின் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் நெருங்கி நின்றார்கள். முதல் பந்து வந்ததும் வழக்கம்போல, "தூக்கி அடி" என்று நாலைந்து குரல்கள். அவர் திரும்பி ஏதோ சொன்னார். தாழ்ந்த குரலாக இருக்க வேண்டும், அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பின் தலைவரின் குரல் எல்லாக் குரல்களுக்கும் மேலாகக் கேட்டது:

"வாயை மூடுங்கோடா, கோச் கதைக்கிறார்."

பிறகு அந்த மற்றக் கரைப் பேச்சு, மணலோடு சேர்ந்து, தெளிவாக வந்தது. "கீழ குடு. திரும்பு. இப்போ, இப்போ விடு." வலது பின்வரிசைப் பிள்ளை தலையைத் திருப்பினான். பந்து நிலத்தோடு உருண்டு அணித்தலைவனின் காலுக்குப் போனது. எங்கள் பிள்ளைகள் பந்தைக் கால்களுக்குள் வைத்துக்கொண்டு ஆடுவதைச் சோளகத்தில் நான் அன்றுதான் பார்த்தேன். அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். மூலை உதைகளில் அந்த இளைஞருக்குத் தெளிவு போதாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. கிடைத்த எல்லாவற்றையும் வீணாக்கினார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

மத்தியஸ்தர் ஊதியதும் வீதியோரத்தில் சிறு கூட்டம் கூடிக் கலைந்தது. பின்பு தலைவர் கோட்டோரம் வந்து நின்று, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்:

"ஆள் நிக்கட்டும். கேக்குதோ? மாத்தேல்ல. ஆள் நிக்கட்டும்."

அவர் அவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வீதியோரத்தில் நான் உரத்துச் சொன்னவை யாவும் இந்த இடத்தில் இப்படித்தான் வந்து விழுந்திருக்கும். தலைவரின் மனைவிக்கு இதில் எந்தப் பங்கும் இருந்ததில்லை.

கேட்கிறது என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். சோளகத்துக்கு எதிரே அது மைதானத்தின் நடுவைக்கூடத் தாண்டாது. எனவே கையை உயர்த்தினேன். தலைவரும் கையை உயர்த்தினார். ஆனால் வெயில் கண்ணைக் குத்த நான் நெற்றியை மறைக்கிறேன் என்று அவர் எண்ணியிருந்தாலும் வியப்பில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த இடத்தில் மனைவியின் கை உயர்வதை நான் பல ஆண்டுகள் அங்கிருந்து பார்த்தவன்.