ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாத ஊர்

கடலும் காற்றும் எப்படி நகரும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. அரபிக்கடலில் கிளம்பும் ஈரக்காற்று மலையில் மோதி எங்கே எவ்வளவு கொட்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணினி மலையைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கும். வண்டிப்பெரியார் டவுன், அதற்கு மேலே நான் பிறந்த தேயிலை எஸ்டேட், நடுவிலிருக்கும் செங்குத்துச் சரிவு எல்லாம் ஒரு கட்டத்துக்குள் சராசரியாகி ஒரே மேடாகிவிடும். அதனால் அது சொல்லும் மழையை, அந்தந்த இடத்தில் பல வருடம் அளந்த மழையோடு ஒப்பிட்டுக் கூட்டியோ குறைத்தோ திருத்துவோம். அந்தத் திருத்தும் நிரலை எழுதியவள் நான். பாராட்டெல்லாம் வாங்கினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அக்கா அந்த எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவள்தான். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் ஊறிப்போய் நிற்கிறது, பக்கத்து வீட்டார் பள்ளிக்கூடத்தில் திறந்திருக்கும் கேம்புக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றாள்.

"நாங்களும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போயிரட்டுமா? உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

பார்த்தேன். மிதமான மழை என்றிருந்தது.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. வீட்டுலயே இரு."

"நீ சொன்னா சரிதான்" என்று போனை வைத்தாள்.

மறுநாள் மதியம் மண் சரிந்து அடுப்படி மொத்தமும் போனது. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போன அக்கா வாசற்படியிலேயே நின்றதால் உயிர் தப்பினாள். சுவர் விழுந்து இடது கை முறிந்தது. முன்னறையில் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை காலை, கட்டுப்போட்ட கையோடு ஆபீசுக்குப் போய் மழைமானியைப் பார்த்து எனக்கு அனுப்பினாள்: "ரெண்டு நாள் மழ, ஒம்பது இஞ்சு." அந்த நிலைமையிலும் அவள் வேலையை அவள் சரியாகச் செய்தாள்.

ரெண்டு நாள் என்ற சொல் என்னைக் குத்தியது. எங்கள் கோப்பில் ஊர்ப்பெயர் கிடையாது, மழை அளக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் வெறும் எண்தான். எங்கள் எஸ்டேட்டின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பழைய அளவுகளைத் திறந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மழை இல்லை. எந்த வருடத்திலும் இல்லை. அன்று ஆபீஸ் பூட்டு, எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாள் மழையையும் சேர்த்துத் திங்கட்கிழமை அளந்து எழுதுவார்கள். நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருக்கும். அதைக் கணினியில் ஏற்றிய யாரோ காலிக்குப் பதில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அளவு அக்கம்பக்கத்து நிலையங்களைவிட மிக அதிகம், நம்ப முடியாது என்று என் நிரல் வாராவாரம் தூக்கிப் போட்டிருக்கிறது. ஆக, கணக்கில் எங்கள் எஸ்டேட் மழை குறைந்த இடமாகிப் போனது.

இன்னொன்றையும் பார்த்தேன். திருத்துவதற்கு முன், கணினி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெருமழை என்றுதான் சொல்லியிருந்தது. குறைத்தது என் நிரல்.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அளக்குறவங்க ஒழுங்கா அளக்கலேன்னா நாம என்ன பண்ண முடியும்? அறிக்கைல தரவுக் குறைபாடுன்னு ஒரு வரி சேத்துருங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. அடை மழையில், அட்டைக் கடியோடு, சம்பளத்தில் சேராத வேலையாக வருடக்கணக்கில் அளந்து எழுதியவர்களா ஒழுங்கில்லாதவர்கள்? ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி மழை பெய்யாமல் இருக்கும் என்று யோசிக்காத நாங்கள்தான் ஒழுங்கா? கத்திவிட்டு வெளியே வந்தேன். யாரிடமும் கேட்காமல், திங்கட்கிழமை அளவை இரண்டு நாள் மழையாக எடுத்துக்கொள்ளும்படி அன்றைக்கே நிரலை மாற்றினேன்.

ஆனால் அவரைத் திட்டித் தீர்த்தும் மனம் ஆறவில்லை. அவருக்கு அந்த மலை தெரியாது. நான் அந்த லயத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறக்காது என்பது எனக்குத் தெரியாதா? அதே சர்ச்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவள்தானே நான்? அந்தப் பூஜ்யங்களை ஒரு நாளாவது திறந்து பார்க்கவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அப்ப இத்தன வருசமா நான் எழுதுன திங்கக்கெழம கணக்கயெல்லாம் பொய்யின்னு தள்ளிட்டீங்களா?"

"ஆமாக்கா."

"ஒரு போன் போட்டு எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடி."