கேஸ்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல்

இருபத்திரண்டு ஆண்டுகளாக எரிவாயு உருளைகளைத் தோளில் சுமந்து வீடுவீடாக இறக்கிவரும் ஒருவருக்கு, அந்த வட்டாரத்தைப் பற்றித் தெரியாதது என்ன இருக்க முடியும்? கேஸ்காரர் என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அவருக்கு, தம் வார்டின் பதினொரு தெருக்களிலும் எந்த வீட்டில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்பது விரல்நுனியில் இருந்தது. நாற்பது நாள் வந்துகொண்டிருந்த உருளை இருபத்தாறு நாளில் தீர்ந்தால், வெளியூரிலிருந்த மகன் குடும்பத்தோடு திரும்பிவிட்டான் என்று பொருள். ஒரே வாசலுக்குள் இரண்டாவது இணைப்புக் கேட்டால், மாமியாரும் மருமகளும் அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள் என்று பொருள். இவற்றை அவர் யாரிடமும் கேட்டு அறிந்ததில்லை. உருளையே சொல்லிவிடும்.

"ஊர்ல யார் வீட்டு அடுப்பு அணைஞ்சாலும் உங்களுக்கு மூக்குல வேர்த்துடும். நம்ம வீட்டுல கேஸ் தீர்ந்து மூணு நாளாச்சு, அது தெரியுமா?" என்று அவருடைய மனைவி கேட்பதுண்டு.

இந்த அறிவு முழுவதையும் அவர் சாவிச் சின்னக் கட்சிக்கு அளித்துவந்தார். மேடையேறிப் பேசுபவரல்லர், கோஷமிட்டால் குரல் கம்மிவிடும். அவருடைய வேலை வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு தேர்தலுக்கும் அச்சிட்ட பட்டியலை வாங்கிவந்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பென்சிலால் குறியிடுவார். நம்மவர் என்றால் டிக். எதிராளியான நாற்காலிச் சின்னக் கட்சி என்றால் பெருக்கல் குறி. இரண்டுங்கெட்டானாக இருப்பவருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில்தான் அவருடைய திறமை முழுவதும் அடங்கியிருந்தது. 'இவரிடம் அரசியல் பேசாதே. முழங்கால் வலியை விசாரி.' 'கணவன் சாவி, மனைவி நாற்காலி. இருவரையும் சேர்த்து நிற்கவைத்துக் கேட்காதே.' 'மகனுக்கு வேலை தேடுகிறார்கள்.' சமையலறை வரை சென்று உருளையை மாட்டும் ஐந்து நிமிடத்தில் அவர் காதில் விழுந்தவையெல்லாம் பொடி எழுத்தில் அங்கே இடம்பெற்றன. அந்தப் பட்டியலை அவர் எவரிடமும் கொடுத்ததில்லை. தேர்தல் நாளன்று தாமே வாசித்து, யார் யாரை எப்போது அழைத்துவர வேண்டுமென்று ஆட்களுக்குச் சொல்லுவார். அவர் சொன்ன எண்ணிக்கைக்கும் பெட்டியில் விழுந்த வாக்குகளுக்கும் பத்துக்கு மேல் வேறுபாடு இருந்ததில்லை.

அந்த ஆண்டு வார்டு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. கட்சியின் நகரச் செயலாளர் ஒருநாள் காலையில் கேஸ் கிடங்குக்கே வந்து, காலி உருளையொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மீது அமர்ந்தார். அவர் அடுத்த வார்டில் தாமே போட்டியிட்டார்.

"உன் தங்கச்சியை நிக்க வைப்பா," என்றார்.

"அவ நகரசபைக் குழந்தைகள் காப்பகத்துல வேலை பாக்கறா, தலைவரே. நிக்கணும்னா வேலையை விடணுமே."

"விடட்டும். கவுன்சிலர் ஆனப்புறம் அந்தக் காப்பகமே அவ பேச்சைக் கேக்கும். தம்பி, வெளியாளை என்னால நம்ப முடியாது. உன் வீட்டு ஆளுன்னா நான் நிம்மதியா தூங்குவேன்."

இவ்வளவு பெரிய மனிதர் தம்மைத் தேடிவந்து இப்படிக் கேட்டதில் கேஸ்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தங்கை அவர் வீட்டு மாடியறையில் மகளோடு குடியிருந்தாள். கணவன் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். பதினான்கு ஆண்டுகளாகக் காப்பகத்தில், ஒரே நேரத்தில் வீறிட்டு அழும் இருபது குழந்தைகளை அடக்கி உறங்கவைத்துப் பழகிய அவளுக்கு எதற்கும் எளிதில் பதற்றம் வருவதில்லை.

"தோத்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்படித் தோப்ப? என் பட்டியல்ல நானூத்திப் பன்னெண்டு டிக் இருக்கு. எதிராளிக்கு முந்நூறு தாண்டாது. வட்டத்துல பாதியை இழுத்தாலே போதும்."

"உன் டிக்கை நம்பி நான் வேலையை விடணும். அப்படித்தானே?"

"டிக்கை நம்பாத. என்னை நம்பு."

அவள் மகளுடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பணிவிலகல் கடிதத்தை நான்கே வரிகளில் முடித்தாள்.

வேட்புமனு கொடுத்த மறுநாள் செயலாளர் ஆளனுப்பிப் பட்டியலைக் கேட்டார். ஆளுக்கொரு தெருவாகப் பிரித்து வேலை செய்ய நகல் தேவை என்றார். இதுவரை கொடுத்ததில்லையே என்று கேஸ்காரரின் கை ஒரு கணம் தயங்கியது. தங்கைக்காகத்தானே என்று நினைத்தார். கொடுத்தார். இரண்டு நாளில் பட்டியல் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வந்தது.

தொடக்கத்தில் தங்கையோடு வாக்குக் கேட்கப் பத்துப் பேர் சென்றார்கள். நான்காம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் இன்னொருவருடைய மாமனாருக்குக் கண் அறுவை. ஒரு வாரம் கழிந்தபோது அண்ணனும் தங்கையும், துண்டறிக்கைக் கட்டைச் சுமந்த அண்ணியுமே எஞ்சியிருந்தார்கள். "தலைவர் வார்டுல போட்டி கடுமை. எல்லாரும் அங்க போயிருப்பாங்க," என்று கேஸ்காரர் தமக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருந்தபோது, காலையில் பச்சைக் கதவு வீட்டுக்கு உருளை கொண்டுசென்றார். அந்த வீட்டு அம்மாள் வழக்கம்போல் வழிவிடவில்லை. வாசற்படியிலேயே மறித்து நின்றார்.

"அங்கேயே வைங்க."

"கனமா இருக்கும்மா. உள்ள மாட்டிட்டுப் போறேன்."

"நாங்க மாட்டிக்குவோம். உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணினோம், சொல்லுங்க?"

கேஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்ணு புருஷன் வீட்ல இருந்து ஒரேயடியா வந்துட்டாங்கறது என் கூடப்பிறந்தவங்களுக்கே தெரியாது. அன்னைக்கு அடுப்படியில அழுதுட்டு இருந்தப்ப நீங்க கேட்டீங்க, வாய் தவறிச் சொன்னேன். நேத்து நாற்காலிக் கட்சிக்காரங்க ஏழெட்டுப் பேர் வந்து, பக்கத்து வீடெல்லாம் வேடிக்கை பார்க்க, 'திரும்பி வந்த உங்க பொண்ணுக்கு நாங்க வேலை வாங்கித் தர்றோம், ஓட்டை எங்களுக்குப் போடுங்க'ன்னு கேக்கறாங்க. அவ ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டவ இன்னும் சாப்பிட வரல."

கேஸ்காரரின் கண்முன் அந்தப் பக்கமும் அந்த வட்டமும் அதன் அருகில் அவர் எழுதிய வரியும் அச்சுப்போல் வந்து நின்றன. 'மகள் திரும்பி வந்துவிட்டாள். வேலை என்றால் வருவார்கள்.'

அவர் தள்ளுவண்டியில் இருந்த மற்ற உருளைகளை அப்படியே தெருவில் விட்டுவிட்டுக் கட்சி அலுவலகத்துக்கு ஓடினார். சுவரொட்டிக் கட்டுகளுக்கும் பசை வாளிகளுக்கும் நடுவே கிடந்த பெஞ்சில் செயலாளர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில், மடியில் ஒரு கற்றைத் தாளை வைத்தபடி, நாற்காலிக் கட்சியின் வார்டுத் தலைவர் அமர்ந்திருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடிக்காரர். இருபது ஆண்டுகளாக, எதிரில் வந்தால் தெருவை மாற்றி நடந்த மனிதர். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க, வாங்க. உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு! இவ்வளவு நாள் எங்களை நீங்க எப்படித் தோக்கடிச்சீங்கன்னு இப்பத்தான் புரியுது."

மடியிலிருந்தது கேஸ்காரருடைய பட்டியலின் நகல்.

செயலாளர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. "உக்காரு தம்பி. மேலிடத்து முடிவு. இந்த வார்டுல நாம அவங்களுக்கு ஒத்தாசை. என் வார்டுல அவங்க நமக்கு ஒத்தாசை. அவங்க ஓட்டு இல்லாம நான் அங்க கரையேற முடியாது."

"அப்போ என் தங்கச்சி?"

"பேருக்கு ஒரு ஆள் வேணுமில்ல? யாருமே நிக்கலைன்னா ஊரே பேசுமே. வெளியாளை நிறுத்தினா நாளைக்குத் தகராறு பண்ணுவான், பத்திரிகைக்குப் போவான். நீ அப்படிப் பண்ணுவியா? நம்ம வீட்டுப் பிள்ளையாச்சே நீ."

"அவ வேலையை விட்டுட்டு நிக்கறா, தலைவரே."

"பார்த்துக்கலாம்ப்பா. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நாற்காலிக் கட்சிக்காரர் இடையில் நுழைந்து, "நாப்பத்தேழாம் பக்கத்துல ஒரு வட்டம், பக்கத்துல எழுதினது அழிஞ்சிருக்கு. என்னன்னு சொல்லிட்டுப் போங்களேன்," என்றார். கேலியாகவன்று, மெய்யாகவே ஐயம் கேட்டார். கேஸ்காரருக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கத்த வேண்டுமென்று வாயைத் திறந்தார், குரல் கம்மிவிட்டது.

அன்று மாலைக்குள் தங்கையிடம் சொல்லியாக வேண்டும். அவள் மாடியறையில் மறுநாளைக்கான துண்டறிக்கைகளைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"பட்டியலை எப்போ கொடுத்த?"

"நீ மனு கொடுத்த மறுநாள்."

"அப்போ நான் மனுவை வாபஸ் வாங்க நாள் இருந்தப்பவே அது அவங்க கையில இருந்திருக்கு."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"எப்படிண்ணே தெரியாம போகும்? நாலு நாள் முன்னாடி கேஸ் தீர்ந்தா, மகன் ஊர்லேர்ந்து வந்துட்டான்னு கண்டுபிடிப்ப. கூட வந்த பத்துப் பேரும் ஒவ்வொருத்தரா காணாம போனாங்க. அதை வெச்சு உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

தோன்றியது. தோன்றியதை அவர் தள்ளிவைத்தார்.

தங்கை அழவில்லை. துண்டறிக்கைகளை அடுக்கி முடித்துக் கட்டினாள். "என் பேரு அச்சாகிட்டுது. நான் போய்க் கேக்கறேன். நீ என்கூட வர வேணாம். நீ வந்தா கதவு திறக்க மாட்டாங்க," என்றாள்.

அவள் சொன்னது மெய்யாயிற்று. அவர் தனியாகப் போய் நடந்ததைச் சொல்லி வீடுவீடாக மன்னிப்புக் கேட்டார். எட்டு வீடுகளில் சன்னல் திரை விலகிப் பின் மூடிக்கொண்டது. ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் கதவைத் திறந்து, "என் முழங்கால் வலியைக்கூட எழுதி வெச்சிருந்தீங்களாமே? வர்றவனெல்லாம் முதல்ல காலைப் பத்திக் கேக்கறான்," என்றார். கேஸ்காரரைக் கட்சி ஏமாற்றிவிட்டது என்று அவருக்கு விளக்கிச் சொன்னபோது, "அது உங்களுக்கும் கட்சிக்கும். எங்களை ஏமாத்தினது யாரு?" என்று திருப்பிக் கேட்டார். கேஸ்காரர் படியிறங்கிவிட்டார்.

வாக்கு எண்ணிக்கை பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் நடந்தது. நாற்காலிக்கு அறுநூற்றெண்பத்தெட்டு. சாவிக்குத் தொண்ணூற்றொன்று. அந்தத் தொண்ணூற்றொன்றும் அவள் கால்தேய நடந்து சேர்த்தவை. பட்டியலின் டிக்குகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அடுத்த வார்டில் செயலாளர் பதினேழு வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். அவருக்கு முதல் மாலையை நாற்காலிக் கட்சியின் கண்ணாடிக்காரர் அணிவித்தார்.

கேஸ்காரர் உறுப்பினர் அட்டையை இரண்டாகக் கிழித்து அஞ்சலில் அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை.

மாதம் ஒன்று கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கேஸ்காரர் எழுந்து நிற்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த சொற்களைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செயலாளர் மாடிப்படியை நோக்கி, "அம்மா, கொஞ்சம் கீழ வா," என்று குரல் கொடுத்துவிட்டார்.

தங்கை வந்தாள். அவர் ஓர் உறையை நீட்டினார். "ரெண்டு கட்சியும் சேர்ந்து பேசி வாங்கினது. அதே காப்பகம். பழைய இடம் நிரம்பிப்போச்சு, அதனால உதவியாளர். தற்காலிகம்தான். வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கலாம்."

பதினான்கு ஆண்டுப் பணி போய்விட்டது, ஓய்வூதியம் போய்விட்டது, நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக் கீழே நின்று வேலை பார்க்க வேண்டும். உறையை அவர் முகத்தில் விட்டெறிவாள் என்று கேஸ்காரர் காத்திருந்தார். அவள் பிரித்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"ரொம்ப நன்றிங்கய்யா," என்றாள். "உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

செயலாளர் அமர்ந்தார். அவள் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மகளின் படிப்பைப் பற்றி அவர் விசாரித்தார். அவள் மரியாதையாக விடை சொன்னாள். வாசல்வரை சென்று வழியனுப்பிவைத்தாள். கேஸ்காரர் அந்த அரைமணி நேரமும் தம் வீட்டில் தாமே வேண்டாத விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆளுக்குப் போய் டீயா?" என்று அவள் திரும்பியதும் வெடித்தார். "நம்மளை இப்படி நடுத்தெருவுல நிறுத்தினவனுக்கு?"

"எனக்கு மாசம் பிறந்தா சம்பளம் வேணும். அதுக்கு ஒரு டீ."

"உனக்குக் கோபமே வரலையா?"

"அவர்மேலயா? அவரை நான் எப்பண்ணே நம்பினேன்?" என்றாள் தங்கை.

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் சென்றாள். குழாயில் நீர் விழும் ஓசை கேட்டது. உள்ளே அண்ணியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள், அண்ணியும் சிரித்தாள். வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

"நாளைக்குக் காலையில ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"வேணாம். மகளை ஸ்கூல்ல விட்டுட்டு நான் பஸ்ஸுல போயிக்கறேன்."

உறையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். மேலே கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. கேஸ்காரர் படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.