பஞ்சு வாங்கிய சத்தியம்

அவர் பிரேக் போட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கூட அசைய மாட்டார். அதனாலேயே டெப்போவில் அந்த டிரைவருக்குப் பஞ்சு என்று பெயர். மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

சிறுநீரில் ரத்தம் போனபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் தண்ணீர் குடிக்க மாட்டான், அடக்கி வைப்பான், கல் வரும் என்பது டெப்போ வைத்தியம். டாக்டர் கிருமி என்றார். மாத்திரையில் நின்றது, திரும்ப வந்தது. ஸ்கேனில் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. ஆறு மாதம் இழுத்தது.

"வேற எங்கயாவது வலி, மரத்துப்போறது?" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்."

பச்சைப் பொய். வலது பாதம் இரண்டு மாதமாக மரத்துக் கிடந்தது. கால் பிரேக்கில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து மிதித்தார். ஐம்பது உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிடிவாதம்! சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். மூத்திரத்துக்கும் பாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நியாயம் வேறு. தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவளிடமும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

சோதனைக்காகச் சிறுநீர்ப்பையிலிருந்து சதைத் துணுக்கு எடுக்கப் போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் செருப்பு கழன்றது. அது தெரியாமலே நடந்தார். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், இவருக்கு வலது கால்ல உணர்ச்சியே இல்லீங்க. ரெண்டு மாசமா மறைக்கிறாரு."

டாக்டர் பாதத்தைத் தூக்கச் சொன்னார். குதிகால் ஊன்றியிருக்க, முன்பாதம் எழும்பவே இல்லை. எடுத்த சதையில் ரத்தக் குழாய்களைத் தனியாகத் தேடிப் பார்க்கும்படி லேபுக்கு எழுதினார். குழாய்ச் சுவர்களே வீங்கிப் புண்ணாகியிருந்தன. அபூர்வமான நோய். காலின் நரம்புக்குப் போகும் குழாய்களையும் அதுவேதான் அடைத்திருந்தது.

மருந்துக்கு நோய் கட்டுப்பட்டது. சில வாரங்களில் சிறுநீர் தெளிந்தது. பாதம் அப்படியே தொங்கியது. மாதங்கள் போயும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி எடுக்கலாமா டாக்டர்?"

"இனிமே முடியாதுங்க. மரத்துப்போனப்பவே சொல்லியிருந்தா காலையும் காப்பாத்தியிருக்கலாம்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தச் சத்தியத்தை நீ கால் மரத்த அன்னிக்கே மீறித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எப்படிங்க அப்பவே மீறுவேன்? நம்ம பொண்ணு தலையில இல்ல அடிச்சு வாங்குனீங்க."