மூணுன்னு சொன்ன குரல்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வந்துடும் அண்ணே. ஊர்ல எவனாவது சாமி வந்து ஆடினாக்கூட, மூஞ்சில தண்ணியடிச்சு உக்கார வைங்கடான்னு சொல்ற ஆளு நான். அதனால இத நீங்க நம்பலன்னா எனக்கு வருத்தமே இல்ல, உங்க எடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன், ஆனா நடந்தது நடந்ததுதான்.

ஷார்ஜால ஒரு கட்டட கம்பெனில நான் டைம்கீப்பர். காலையில சைட்டுக்குப் பஸ் ஏறும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் தல எண்ணணும். அறுபது பேரு முகத்தையும் பார்த்துக்கிட்டா இருக்க முடியும்? வரிசையா நின்னு நம்பரச் சொல்லுங்கன்னுவேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு குரல் வர வர பேப்பர்ல டிக் அடிச்சுட்டே போவேன், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். பல வருசமா இதே பழக்கம்.

போன நோன்புப் பெருநாள் லீவுக்கு மூணு பேரா சவூதிக்குக் கார்ல போனோம். நானு, ஷார்ஜாவுலயே முவைலாங்கிற ஏரியால மொபைல் கடை வச்சிருக்கிற பஷீரு, எங்க கம்பெனி கிரேன் ஆப்பரேட்டர் டேனியலு. பஷீருக்கு அதிராம்பட்டினம், டேனியலுக்கு மார்த்தாண்டம். மூணு பேரும் ஒரே ரூம்ல ஆறு வருசம் கெடந்தவங்க. சவூதில கைபர்னு ஒரு ஊரு பக்கம் அணைஞ்சுபோன எரிமலைங்க இருக்கு, ஒண்ணச் சுத்தி மூணு நாள் நடக்கலாம், கூடாரம் சாப்பாடு எல்லாம் முதுகுல செமந்துட்டுன்னு பஷீருதான் வீடியோவக் காட்டி உசுப்பேத்தி விட்டான். வீடியோவுல நல்லாத்தான் இருந்துச்சு. நேர்ல போய் ஒரு மணி நேரத்துலயே, இந்த எடத்துக்கு நம்மளப் பிடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. கண்ணுக்கெட்டுன தூரத்துக்கும் கறுப்புக் கல்லு, கை வச்சா கிழிக்குது, கால் வச்சா உருளுது, ஒரு குருவிச் சத்தம் கெடையாது.

ரெண்டாம் நாள் ராத்திரி தங்குற எடத்துல முன்னாடியே கார்ல போய்த் தண்ணி கேன பொதச்சு வச்சிருந்தோம். அதுவரைக்கும் செமந்துட்டுப் போற தண்ணிதான். ரெண்டாம் நாள் காலையில ஒரு மணி நேரம் நடந்ததுக்கப்புறம் பஷீரு மெதுவா சொல்றான், "மச்சான், பாரமா இருந்துச்சுன்னு ஒரு அஞ்சு லிட்டர் கேன ராத்திரி தங்குன எடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன். நோம்பே புடிச்சாச்சு, ஒரு நாளு தாங்க மாட்டோமா?"

எனக்கு வந்துச்சு பாருங்க. சைட்ல பேசுற அத்தன கெட்ட வார்த்தையும் பேசுனேன். மிச்சத் தண்ணியப் பூரா வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன், அவனுக்கு அரை பாட்டில்தான் விட்டேன். தண்டனைன்னே வச்சுக்குங்களேன். எல்லாருக்கும் கடைசியா வாடான்னு சொல்லிட்டு முன்னாடி நடந்துட்டேன்.

பதினோரு மணி வாக்குல பின்னாலேர்ந்து காத்து அடிக்க ஆரம்பிச்சுது, கரித்தூளு மாதிரி மண்ணு, திரும்பினா கண்ணுல அப்பிக்கும். தலைய மூஞ்சியத் துணியால சுத்திக்கிட்டு காலடியப் பார்த்து நடக்குறோம். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நான் ஒண்ணுன்னு கத்துவேன், டேனியல் ரெண்டும்பான், பின்னாடி பஷீரு மூணும்பான். குரல் வந்துச்சா, அடுத்த அடி. ரெண்டரை மணி நேரம் இப்படியே போச்சு, ஒரு தடவகூட மூணு வராம இல்ல.

ஒரு பெரிய பாறை மறைவுல ஒதுங்கித் துணிய அவுத்துட்டுத் திரும்பினா டேனியல் மட்டும் நிக்கிறான்.

"எலேய், இப்பம்தானே மூணுன்னு சொன்னான்?" அப்படிங்கிறான். எனக்கும் கேட்டுச்சு அண்ணே, பத்தடி பின்னாடியிருந்து வந்த மாதிரிதான் கேட்டுச்சு. காத்துல எங்க ரெண்டு பேரு கால்தடம் மட்டும் கொஞ்ச தூரத்துக்குத் தெரியுது.

பையப் போட்டுட்டு தண்ணிய மட்டும் எடுத்துக்கிட்டு வந்த வழியே ஓடுனோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல பின்னாடி போனதுக்கப்புறம்தான் ஆளக் கண்டுபிடிச்சோம். ஒரு பாறை வெடிப்புல கால் மாட்டி, கணுக்கால் பானை மாதிரி வீங்கிக் கெடக்கான். ஒதடெல்லாம் வெடிச்சு ரத்தம். அரை பாட்டில் எப்பவோ காலி. நான் பக்கத்துல போனதும், நம்ப மாட்டீங்க, அந்தக் காலோட பின்னாடி நகரப் பார்க்குறான்.

"கிட்ட வராத. டேனி, அவன கிட்ட வர வேணாமுண்டு சொல்லு."

என் கையால தண்ணி குடிக்கல. டேனியல் குடுத்ததுக்கப்புறம்தான் குடிச்சான். ரெண்டு பேருமாத் தாங்கித் தண்ணி பொதச்ச எடத்துக்குக் கொண்டுபோனோம், என் தோள்ல போட்ட கைய அவன் அப்பப்ப உருவிக்கப் பார்த்தான். மறுநாள் ஒரு சூடானி ஆட்டுக்காரர் பிக்கப்புல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. எலும்பு முறிஞ்சிருந்துச்சு. ஷார்ஜா வந்த வாரமே அவன் ரூம காலி பண்ணிட்டான்.

தண்ணிய வாங்கி வச்சுக்கிட்ட கோவம்தான்னு நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் டேனியல் சொன்னான். பஷீரு விழுந்ததும் என் பேரச் சொல்லிக் கத்தியிருக்கான். நான் திரும்பி வந்தேனாம். மூஞ்சில துணியச் சுத்துனபடியே அவன் தலமாட்டுல நின்னேனாம். "இங்கயே கெட. உனக்குப் பதிலா ஆளு இருக்கு"ன்னேனாம். அப்புறம் முன்னாடி திரும்பி, அவன் குரல்லயே, "மூணு"ன்னு சத்தமாக் கத்திட்டு நடந்து போயிட்டேனாம்.

டேனியலுக்குத் தெரியும், நான் அவன விட்டு நகரவே இல்ல, அவனுக்கு நாலடி முன்னாடிதான் இருந்தேன். அத பஷீருகிட்டயும் சொல்லியிருக்கான். வெயில்ல உனக்குத் தல சுத்தியிருக்கும்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தானாம். மூணுன்னு எங்க ரெண்டு பேருக்கும் கேட்டுச்சே, அது யாருடான்னு டேனியல் என்னையே திருப்பிக் கேக்குறான்.

அவன் கடை எங்க ரூம்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளித்தான். போய் நான் சொல்லலடான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்னு டேனியல் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். கடை வாசல் வரைக்கும் எத்தனையோ தடவ போயிட்டேன். ஆனா அண்ணே, அன்னிக்குக் காலையில அவன் தண்ணிய வாங்கிப் பையில போட்டு ஜிப்ப இழுக்கும்போது, வாயத் தொறக்கல, ஒதடுகூட அசையல, இங்கயே கெட, உனக்குப் பதிலா ஆளு இருக்குன்னு அச்சு அசலா அதே வார்த்தையத்தான் மனசுக்குள்ள நெனச்சேன்.